கறுப்புக் கோட்டில் இருந்து கமரா முன்னுக்கு: கேட்டதும் சொன்னதும்

சட்டமா அதிபர் திணைக்களத்தில் அரச சட்டவாதியாக, அதாவது அரசின் பக்கம் குற்ற வழக்குகளை நடத்தும் வழக்குத்தொடுநராக இருந்தேன். கூடுதலான காலம் யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றத்தில்தான். இப்போது தமிழ்த் தொலைக்காட்சி ஒன்றில் கிழமைக்கு ஒரு நாள் சட்ட நிகழ்ச்சி நடத்துகிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, குறுக்கு விசாரணை செய்து பழகின ஆக்களுக்கு டிவியில பேட்டி எடுக்கிறது லேசுதானே? (சட்டத்துறை மாணவி, திருநெல்வேலி)

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், தங்கச்சி. வழக்குத்தொடுநரின் நாளில் பெரும்பங்கு குறுக்கு விசாரணை இல்லை. எங்கள் பக்கச் சாட்சிகளை நாங்களே கேட்பதுதான் எங்கள் வேலை. அங்கே விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்க ஏலாது. 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் கட்டுப்பாடு அது. "அப்ப வெளிச்சம் இருந்தது தானே?" என்று நான் வாய் திறந்தால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஆட்சேபம் சொல்ல எழும்பி நிற்பார். "அங்கே நீங்கள் என்ன கண்டீர்கள்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழகவேண்டும்.

இந்தப் பழக்கம் கலையகத்தில் பொன். சின்னக் கேள்வி கேட்டால் ஆள் கதைப்பார். நீளமாகக் கேட்டால் "ஓம்" என்று சொல்லிவிட்டு இருப்பார்.

என்னைக் கெடுத்தது வேகம். நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதைச் சுருக்கெழுத்தாளர் பதிந்து முடியும்வரை அடுத்த கேள்வி கேட்கமாட்டோம். சிங்களத்தில் சாட்சி சொல்ல ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் வந்தால், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான முதலியார் மொழிபெயர்த்து முடியும் வரையும் நிற்கவேண்டும். அந்த இடைவெளியில்தான் அடுத்த கேள்வியை யோசிப்பேன். முதல் நிகழ்ச்சியில் விருந்தினர் பதில் சொல்லி முடித்ததும் பழக்க தோசத்தில் பேசாமல் இருந்துவிட்டேன். காதுக்குள் தயாரிப்பாளர், "மேடம், கேட்குதா? மேடம்!" லைன் அறுந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

அமெரிக்காவில வழக்குத்தொடுநரா இருந்தவை டிவியில பெரிய நட்சத்திரமா வந்திருக்கினம். எங்கட ஆக்கள் ஏன் வரேல்லை? (சாவகச்சேரி)

திறமைக் குறைவு இல்லை. வேலையின் அமைப்பே வேறு.

அங்கே மாவட்ட வழக்குத்தொடுநர் பெரும்பாலான மாநிலங்களில் தேர்தலில் வென்று வருகிறவர். பிறகு டிவியில் பிரபலமான ஜெனின் பிர்ரோ 1993இல் நியூயோர்க் மாநிலத்தின் வெஸ்ட்செஸ்டரில் அப்படித்தான் வந்தார். வாக்குக் கேட்கிறவருக்கு மைக் புதிதில்லை. அடுத்தது, வழக்கைப் பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரிக்கு முன்னால் நடத்துகிறார்கள். சட்டம் படிக்காத பன்னிரண்டு பேருக்குக் கதை விளங்கவேண்டும், நித்திரையும் வரக்கூடாது. யோசித்துப் பாருங்கள், அதுவே டிவிப் பயிற்சிதான். நாங்கள் இங்கே பெரும்பாலும் ஜூரி இல்லாமல் நீதிபதி ஒருவருக்கு முன்னால்தான் வழக்கை நடத்துகிறோம். அவருக்குக் கதை தேவையில்லை, பிரிவும் சான்றும் போதும்.

அதோடு கமரா. 1991இல் அங்கே 'கோர்ட் டிவி' என்று வழக்குகளுக்கென்றே ஒரு அலைவரிசை தொடங்கினார்கள். 1995இல் முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் கொலை வழக்கை நாடே வீட்டில் இருந்து பார்த்தது. நடப்பதை விளக்க ஆள் வேண்டும், முன்னாள் வழக்குத்தொடுநர்களைக் கூப்பிட்டார்கள். எங்கள் நீதிமன்றங்களுக்குள் கமராவுக்கு இடமில்லை. அரச சட்டவாதி ஒரு அரச உத்தியோகத்தர் என்பதால், தாபன விதிக்கோவையை மீறி ஊடகத்தில் வாய் திறக்கவும் ஏலாது. நான் டிவிக்கு வந்ததும் பதவியை விட்ட பிறகுதான்.

சம்பளம் எப்பிடி? (பெயர் வேண்டாம் என்றவர்)

குறைவு. கிழமைக்கு ஒரு நிகழ்ச்சியை நம்பிக் குடும்பம் நடத்த ஏலாது. மற்ற நாட்களில் தனிப்பட்ட வழக்குகள் செய்கிறேன்.

நான் நான்சி கிரேஸின்ர பெரிய ரசிகன். அவ மாதிரி நீங்களும் குற்றவாளியளைக் கிழிக்க வேணும். ஏன் இவ்வளவு மெதுவா நடத்துறீங்கள்? (ரொறன்ரோ)

அவரது கதையை முழுதாகச் சொல்கிறேன், தம்பி. இலக்கியம் படித்துக்கொண்டிருந்தவர். 1979இல் கலியாணம் நிச்சயமாகியிருந்த ஆள் கொலை செய்யப்பட, சட்டம் படிக்கப் போனார். அட்லாண்டாவில் வருடக்கணக்காக வழக்குத்தொடுநராக இருந்தார். அந்த வலியை நான் மதிக்கிறேன். ஆனால் 1997இல் ஜோர்ஜியா மாநில உச்ச நீதிமன்றம், ஒரு வழக்கில் அவர் நடந்துகொண்ட விதத்தைத் தன் தீர்ப்பிலேயே கண்டித்தது. நீதிமன்றத்தில் அப்படிச் சொல்ல மேலே ஒருவர் இருந்தார்.

2005இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவரது சொந்த நிகழ்ச்சி தொடங்கியது, 2016 வரை ஓடியது. 2006இல் புளோரிடாவில் இரண்டு வயதுப் பிள்ளையைக் காணவில்லை என்ற ஒரு இளம் தாயைத் தொலைபேசியில் எடுத்து, "எங்கே இருந்தாய், ஏன் சொல்லமாட்டாய்" என்று விடாமல் கேட்டார். அடுத்த நாள் அந்தப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நிகழ்ச்சி அதற்குப் பிறகும் ஒளிபரப்பானது. பொலிஸாருக்கு அந்தத் தாய்மேல் சந்தேகம் இருந்தது உண்மை. அந்தச் சந்தேகத்தை நீதிமன்றத்தில் சோதிக்க அதற்குப் பிறகு வழியில்லை. குடும்பம் போட்ட வழக்கு 2010இல் சமரசத்தில் முடிந்தது.

இதை வாசித்துவிட்டு "நான் அப்படிச் செய்யமாட்டேன்" என்று இருந்தவள்தான் நானும். எனது மூன்றாவது நிகழ்ச்சியில், வீதி விபத்தில் மகனை இழந்த தகப்பன் ஒருவர் வந்திருந்தார். "பொலிஸுக்கு எத்தனை மணிக்குச் சொன்னீங்கள்? ஏன் அவ்வளவு பிந்திச் சொன்னீங்கள்?" என்று கேட்டேன். மேல் நீதிமன்றத்தில் பிந்திய முறைப்பாடு என்றால் அதை விளக்கவைப்பது வழக்குத்தொடுநரின் கடமை. கை தானாக அங்கே போய்விட்டது. மனிசன் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரியேல்லை பிள்ளை" என்றார். இரவு அம்மா போன் எடுத்து ஒரு வரிதான் சொன்னா: "அந்தாளை நீ கூண்டில ஏத்திப் போட்டாய்." அடுத்த நாள் அவரது வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்து அனுப்பினார்.

கூண்டில் நிற்பவரைக் காப்பாற்ற நீதிபதி இருக்கிறார், ஆட்சேபம் சொல்ல எதிர்த்தரப்பு இருக்கிறது. கலையகத்தில் ஒருவருமில்லை. அதனால்தான் மெதுவாக நடத்துகிறேன்.

செய்தது ஆர் எண்டு ஊருக்கே தெரியும். பிறகும் நீங்கள் "சந்தேக நபர்" எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறது பாதிக்கப்பட்டவையை அவமதிக்கிற மாதிரி இல்லையா? (வேலணை)

கோபத்தோடு கேட்டிருக்கிறீர்கள். தீவகத்தில் இருந்து கேட்பதால் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்றும் விளங்குகிறது.

2015 மே மாதம் புங்குடுதீவு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட பிறகு யாழ்ப்பாணம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மே 20ஆம் திகதி நீதிமன்றக் கட்டடத் தொகுதிமேலேயே கல் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். சந்தேக நபர் ஒருவரைத் தப்பவிட்டார்கள் என்ற ஆத்திரம் சும்மா வந்ததில்லை. ஆனால் கல்லெறிந்தவர்களுக்கு அன்று பிடிபட்டிருந்த ஒன்பது பேரும் ஒன்றுதான்.

2017 செப்டெம்பர் 27ஆம் திகதி மூன்று நீதிபதிகள் கொண்ட, ஜூரி இல்லாத 'ட்ரயல் அட் பார்' என்ற விசேட மன்று தீர்ப்பளித்தது. ஏழு பேருக்கு மரண தண்டனை, இரண்டு பேர் விடுதலை. "ஊருக்கே தெரியும்" என்று டிவியில் ஒன்பது முகத்தையும் வைத்துக் கிழித்திருந்தால், அந்த இரண்டு பேருக்கு நான் என்ன பதில் சொல்வது? எங்கள் பக்கச் சாட்சியே பிசகினால் அதை மறைக்காமல் நீதிமன்றத்துக்குச் சொல்லவேண்டும் என்றுதான் வழக்குத்தொடுநரைப் பழக்குகிறார்கள். திணைக்களத்தில் இருந்து நான் டிவிக்குக் கொண்டுவந்த ஒரே சொத்து அதுதான்.

அந்த மாணவியின் பெயரை நான் மேலே எழுதவில்லை, கவனித்தீர்களா? பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவதைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவு குற்றமாக்குகிறது. அந்தப் பிள்ளையின் பெயரும் படமும் எல்லா இடமும் வந்துதான் விட்டது. நான் இன்னும் சேர்க்கவேண்டாம்.

நடந்துகொண்டிருக்கிற வழக்கைப் பற்றி நிகழ்ச்சியில கதைக்க ஏலுமா? (பருத்தித்துறை)

திறந்த நீதிமன்றத்தில் நடந்ததைச் சரியாகவும் நேர்மையாகவும் சொல்லலாம். தீர்ப்பு எப்படி வரும், சாட்சி பொய்யா என்றெல்லாம் நான் சொல்வதில்லை. நீதிமன்ற அவமதிப்புக்கு 2024இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது, அதை டிவிக்காரர் கட்டாயம் வாசிக்கவேண்டும்.

பிள்ளை, அரசாங்க உத்தியோகத்தை விட்டுட்டு வர வீட்டில ஒண்டும் சொல்லேல்லையோ? (ஓய்வுபெற்ற ஆசிரியர், வட்டுக்கோட்டை)

சொல்லாமல் விடுவார்களா, சேர்! பென்சன் உள்ள வேலை. அப்பா மூன்று மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பெரியம்மா ஒருவர் இப்போதும், "உவள் கோர்ட்டுக்குப் போறேல்லையாம், டிவியில பவுடர் பூசிக்கொண்டு நிக்கிறாளாம்" என்று சொல்லித் திரிகிறா. நிகழ்ச்சி ஒன்றையும் தவறவிடுவதுமில்லை.

ஏன் விட்டேன் என்பதற்கு ஒரு காரணம்தான். பிணை என்றால் விடுதலை இல்லை என்று நீதிமன்ற வாசலில் நின்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகச் சொன்னதை ஒரேயடியாகச் சொல்லலாம் என்று வந்தேன்.

திரும்பிப் போவீங்களா? (கிளிநொச்சி)

மேலே சொன்ன பிர்ரோ டிவியில் வருடக்கணக்காக இருந்துவிட்டு, 2025இல் வொஷிங்டனில் மத்திய அரசின் வழக்குத்தொடுநராகத் திரும்பப் போனார். அங்கே கதவு இரண்டு பக்கமும் திறக்கும். வருடக்கணக்காகத் திரையில் கருத்துச் சொன்ன ஒருவர் குற்றம் சாட்ட வந்தால் கூண்டில் நிற்பவருக்கு என்ன நம்பிக்கை வரும் என்று எனக்கு ஒரு நெருடல் உண்டு. என்னைக் கூப்பிட்டாலும் போகமாட்டேன்.

அக்கா, எங்கட காணி வழக்கின்ர இலக்கம் அனுப்பியிருக்கிறன், நிகழ்ச்சியில எடுத்துக் கதைக்க ஏலுமா? (மூன்று பேர்)

ஏலாது. மூன்று பேரின் இலக்கங்களையும் அழித்துவிட்டேன். நீங்கள் ஏற்கெனவே சட்டத்தரணி வைத்திருந்தால் அவரைக் கேளுங்கள், அவருக்கு மேலால் நான் அபிப்பிராயம் சொல்வது முறையில்லை. காசு கட்ட வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் இருக்கிறது. காணி உறுதிப் பத்திரத்தையும் வழக்குப் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு காலமையே போங்கள்.