நாள் முழுக்கக் கதிரையில் இருந்துதான் வேலை, ஆனாலும் மாலையில் கால் ஓடவில்லை. மனக்களைப்பு உடம்பை விழுத்துமா, இல்லை இது வெறும் சாக்கா?

விழுத்தும். சாக்கு இல்லை.

கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான். கொழும்பில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை. காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்து மணி வரை கணினித் திரைதான். வாரம் இரண்டு மாலை கம்பனி கால்பந்து அணிக்குப் பயிற்சி. இருபது நிமிடத்திலேயே கால் கனத்துவிடுகிறது, பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடப் பந்தை ஒழுங்காகக் கொடுக்க முடியவில்லை. அணியில் இருப்பவர்கள் "இருந்துகொண்டுதானே வேலை செய்தாய், உனக்கென்ன களைப்பு?" என்கிறார்களாம்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். அதே கேள்வியைப் பதினெட்டு வயதில் கேட்டு, அதை நம்பி, ஓட்டத்தையே விட்டவள் நான். உங்கள் வயது தெரியாது, தம்பி என்று நினைத்தே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, விளையாட்டு விஞ்ஞானம் படித்தவளும் இல்லை. என் தொழிலும் கணக்குத்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தைப் பல வருடமாகத் தேடித் தேடி வாசித்திருக்கிறேன்.

2007. பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான உயர்தரம் எழுதும் வருடம். கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தோம். நான் ஓடியது 1500 மீற்றர். அந்த வருடம் பயிற்சியில் 5 நிமிடம் 9 செக்கனில் முடித்திருந்தேன். எங்களுக்குப் பயிற்சி தந்த சேர், தன் சட்டைப் பொக்கற்றில் இருந்த பஸ் டிக்கட்டின் பின்பக்கம் அந்த நேரத்தை எழுதி என் கையில் தந்தார். பெரிய சாதனை என்று சொல்லவில்லை. எங்கள் தெரிவுப் போட்டியில் முதல் மூன்றுக்குள் வர அது போதும்.

போட்டி பின்னேரம் இரண்டரைக்கு. அன்று காலையிலேயே டியூஷனில் இணைந்த கணித மாதிரிப் பரீட்சை, மூன்று மணித்தியாலம். அதை விட்டுவிட்டு ஓடப் போக வீட்டில் விடமாட்டார்கள், எனக்கும் விட மனமில்லை. எழுதி முடித்துவிட்டு நானும் என் தோழியும் பஸ் ஏறினோம். வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அந்த வருடம் கொழும்பில் இருந்த தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், அது போர்க் காலம்: அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் கையில் பிடித்தபடி வரிசையில் நிற்க வேண்டும். எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று கேட்டால் சிங்களத்தில் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். கால் மணி நேரம்கூட இருக்காது. உடம்புக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

ஓட்டத்தின் முதல் இரண்டு சுற்றும் நன்றாகத்தான் போனது. மூன்றாவது சுற்றில், வளைவு முடிந்து நேர்ப்பாதை தொடங்குகிற இடத்தில், முன்னால் ஓடியவள் கொஞ்சம் வேகம் எடுத்தாள். அவளுடைய பின்னலில் மஞ்சள் ரிப்பன். எனக்கும் ரிப்பனுக்கும் இடையில் ஐந்து மீற்றர் இருக்கும். என் காலில் நோவு இல்லை, மூச்சும் அடங்காமல் போகவில்லை. எட்டிப் பிடி என்று எனக்கு நானே சொல்ல வேண்டிய நேரம் அது. சொல்ல உள்ளே ஆள் இல்லை. அந்த ரிப்பன் ஆடி ஆடித் தூரப் போவதைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். 5 நிமிடம் 27 செக்கன். ஆறாம் இடம்.

முடித்து இரண்டு நிமிடத்தில் மூச்சு சமநிலைக்கு வந்துவிட்டது. நின்று சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. "விழுந்து கிடந்திருந்தால் களைப்பு என்று ஏற்றுக்கொள்வேன்" என்றார் சேர். அதற்கு மேலே இன்னொன்று. என்னோடு அதே பரீட்சை எழுதி, அதே பஸ்ஸில் வந்து, அதே வரிசையில் நின்ற தோழி நீளம் பாய்தலில் தன் வழக்கமான தூரத்தைப் பாய்ந்துவிட்டாள். "அவளும் அந்தப் பேப்பர்தானே எழுதினாள்? உனக்குப் பஞ்சி." பஞ்சி என்றால் சோம்பல், இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்காக. அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உண்மையில் எனக்கு ஏன் ஓட முடியவில்லை என்று எனக்கே தெரியாது. பரீட்சை வரட்டும் என்று நிறுத்தினேன், பிறகு திரும்பிப் போகவே இல்லை.

சேரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்களுக்காகத் தன் சனி ஞாயிறு முழுவதையும் தந்த மனிதர். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

2009இல் ஒரு ஆய்வு வந்தது. வேல்ஸ் நாட்டு பாங்கர் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் மார்க்கோரா என்பவரும் அவருடைய இரண்டு சகாக்களும் செய்தது. 16 பேரை ஒரு நாள் 90 நிமிடம் கணினித் திரையில் எழுத்துகளைக் கவனித்துப் பொத்தானை அழுத்த வைத்தார்கள். இன்னொரு நாள் அதே 90 நிமிடம் சும்மா ஆவணப்படம் பார்க்க வைத்தார்கள், ரயிலைப் பற்றியும் காரைப் பற்றியும். இரண்டு நாளும் அதன் பிறகு நிலையான சைக்கிளில் ஏற்றி, இனி முடியாது என்னும் வரை மிதிக்கச் சொன்னார்கள். படம் பார்த்த நாளில் சராசரி 754 செக்கன் தாங்கினார்கள். திரை வேலை செய்த நாளில் 640. கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் முன்னதாகவே விட்டுவிட்டார்கள்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அடுத்த விஷயம். அந்த இரண்டு நாளும் இதயத் துடிப்பிலும், தசை கடுமையாக உழைக்கும்போது இரத்தத்தில் சேரும் லாக்டேட்டிலும், உடம்பு எடுத்த ஒட்சிசனிலும் அந்தக் குறைவுக்குக் காரணம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. காரணமாகத் தெரிந்தது ஒன்றுதான்: எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டபோது சொன்ன எண். மூளை களைத்த நாளில் அதே மிதி ஆரம்பத்திலிருந்தே அதிகம் கஷ்டமாக இருந்திருக்கிறது. தாங்கக்கூடிய உச்சக் கஷ்டத்தைச் சீக்கிரம் தொட்டுவிட்டு நிறுத்திவிட்டார்கள். நான் ஏன் விழுந்து கிடக்கவில்லை என்பதற்குப் பதில் அதில் இருந்தது. என் கால் களைத்திருக்கவில்லைதான். சேர் பார்த்தது சரி, அதற்குச் சொன்ன காரணம்தான் பிழை.

தோழியின் விஷயமும் பிறகு விளங்கியது. இதற்குப் பின் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்வது: மனக்களைப்பு நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க வேண்டிய விளையாட்டைத்தான் அதிகம் பாதிக்கிறது. ஒரே மூச்சில் முழுப் பலத்தையும் காட்டுகிற வேலையை, பாய்தல் தூக்குதல் போன்றதை, அவ்வளவாகத் தொடுவதில்லை. அவள் சில செக்கன் ஓடிவந்து பாய்ந்தாள். நான் ஐந்து நிமிடம், ஒவ்வொரு நூறு மீற்றரிலும், நிற்காதே நிற்காதே என்று முடிவெடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இதை வாசித்த இரவு அவளுக்குக் கனடாவுக்கு போன் எடுத்துச் சொன்னேன். அவளுக்கு அந்த நாளே ஞாபகம் இல்லை. எனக்குப் பரவாயில்லை.

உங்கள் கால்பந்துக்கும் இது பொருந்தும். அரை மணி நேரம் மூளைக்கு வேலை கொடுத்துவிட்டுப் பரிசோதித்த கால்பந்து வீரர்களிடம் ஓட்டத்தின் தாக்குப்பிடிப்பும் குறைந்தது, பந்து கொடுப்பதிலும் கோல் அடிப்பதிலும் துல்லியமும் குறைந்தது. ஆகவே பாஸ் பிழைப்பது உங்கள் காலின் குற்றம் மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

இப்போது யாராவது வந்து "பெரிய வீரர்களுக்கு மட்டும் மனக்களைப்பு வராதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தொழில்முறை சைக்கிள் வீரர்களையும் பொழுதுபோக்காக ஓட்டுபவர்களையும் ஒப்பிட்ட ஒரு ஆய்வில், அதே மூளை வேலைக்குப் பிறகு பொழுதுபோக்காளர்கள்தான் பின்தங்கினார்கள், தொழில்முறையாளர்கள் குறையவில்லை. அந்தத் தாங்குசக்தி பிறப்பிலேயே வந்ததா, வருடக்கணக்கான பயிற்சியால் வந்ததா என்பது தனி வாதம். எட்டரை மணி நேரம் வேலை செய்துவிட்டு வருகிறவனை அவர்களோடு ஒப்பிட்டுத் திட்டுவது சரியில்லை என்பதுதான் என் பேச்சு.

அதற்காக எல்லாவற்றையும் மனக்களைப்பின் தலையில் கட்டிவிடவும் கூடாது. இதை நானே பிழையாகச் செய்தேன். முப்பது வயது தாண்டித் திரும்ப ஓடத் தொடங்கினேன், சுதந்திர சதுக்கத்துப் பக்கம், வேலை முடிந்து. ஒவ்வொரு ஓட்டத்துக்கும், எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொல்லும் போர்க் (Borg) அளவுகோலில் ஒரு எண் எழுதி வைப்பேன். 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் உயிர் போகிற கஷ்டம். சாதாரண நாளில் 5 கிலோமீற்றர் எனக்கு 13. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் வாரத்தில் அதே தூரம், அதே வேகம், 16 அல்லது 17. சரி, வாசித்தது என் கொப்பியிலேயே தெரிகிறது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு வருடம் பார்த்தால் மாத நடுவிலும் 17, நன்றாக நித்திரை கொண்ட ஞாயிறு காலையிலும் 17. வேலை அழுத்தம் என்று நானே தீர்ப்புச் சொல்லி மூன்று மாதம் இழுத்தடித்தேன். வீட்டுப் படி ஏறும்போதும் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் இரத்தம் சோதித்தேன். இரும்புச்சத்து அடியோடு குறைந்திருந்தது. மாத்திரை எடுத்து எண் திரும்ப 13க்கு வர நாலு மாதம் ஆனது. டெங்கு வந்து தேறியவர்களுக்கும் வாரக்கணக்கில் இப்படி இழுக்கும், கொழும்பில் இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

நம்முடைய வெக்கையும் இருக்கிறது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். இங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அது காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். இதயம் தசைக்கும் இரத்தம் அனுப்ப வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். பகல் முழுக்க ஏசிக்குள் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு ஐந்தரைக்கு மைதானத்தில் இறங்கினால் அது உடம்புக் களைப்புத்தான். பந்து தொடுவதற்கு முன்பே தொடங்கிவிடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் அந்த நாளைப் பற்றி எழுதிவிட்டு இதை விட முடியவில்லை. அந்தப் போட்டியில் அறிவிப்பு முழுக்கச் சிங்களத்தில் மட்டும்தான். என் ஓட்டத்துக்குக் கூப்பிட்டதைப் பக்கத்தில் இருந்த பிள்ளை சொல்லித்தான் எழும்பிப் போனேன். பங்குபற்றிய சான்றிதழ் வந்தபோது அதில் என் பெயர் எனக்கே வாசிக்க முடியாத மாதிரிப் பிழையாக இருந்தது. திருத்தித் தரச் சொல்லி அம்மா மூன்று தரம் போனார். மூன்றாம் தரம் "இதுகூடப் போதாதா?" என்று கேட்டார்களாம், அம்மா அதற்குப் பிறகு போகவில்லை. இதை அரசியல் ஆக்காதீர்கள். அன்று எனக்காக அந்த அறிவிப்பைக் கேட்டுச் சொன்னதும் ஒரு சிங்களப் பிள்ளைதான். ஒரு பிள்ளையின் பெயரைச் சரியாக எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சரி, உங்களுக்கு வருகிறேன். வேலை முடிந்து மைதானத்துக்குப் போகும் வழியில் போனைப் பார்க்காதீர்கள். ஓய்வு மாதிரி இருக்கும், ஆனால் எனக்கு அது இன்னொரு மணி நேர வேலை போலத்தான் முடிந்தது. ஜன்னல் பக்கம் இருந்து வீதியைச் சும்மா பார்த்துக்கொண்டு போங்கள். ஒரு பிளேன்டீயும் வாழைப்பழமும் எடுத்துக்கொள்ளுங்கள், தேயிலையில் இருக்கும் கஃபீன் கஷ்ட உணர்வைக் கொஞ்சம் குறைக்கும். கடினமான ஓட்டப் பயிற்சியை வேலை இல்லாத காலைக்கு மாற்றுங்கள். பயிற்சி நாளை மாதக் கடைசியில் வைத்தால் அன்று வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். ஒரு கொப்பியில் எண் எழுதுங்கள். ஓய்வான நாளிலும் எண் இறங்கவில்லை என்றால் இரத்தம் சோதியுங்கள், ஹீமோகுளோபினோடு நிற்காமல், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் கேளுங்கள், முதலில் குறைவது அதுதான்.

என் அக்காவின் மகள் இப்போது உயர்தரம், 800 மீற்றர் ஓடுகிறாள். அடுத்த சனி பின்னேரம் அவளுக்குத் தெரிவுப் போட்டி, காலையில் டியூஷனில் மாதிரிப் பரீட்சை. படிப்புத்தான் முக்கியம் என்றார் அக்கா. 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் எடுத்த நம் நாட்டு எதிர்வீரசிங்கமும் படித்துக் கலாநிதிப் பட்டம் எடுத்தவர்தானே என்றேன். இரண்டு நாள் வாதாட்டம். கடைசியில் சம்மதித்தார். அந்தப் பேப்பரைப் பிள்ளை ஞாயிறு காலை என் வீட்டு மேசையில் எழுதப் போகிறாள், மணிக்கூட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை பத்து மணி வரை நித்திரை கொள்ளலாமா சித்தி என்று கேட்டாள். கொள் என்று சொல்லிவிட்டேன்.