முகாமின் கடைசி இரவு – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. சென்ற மே மாதம் எங்கள் சபையிலிருந்து பிள்ளைகளை மலைப்பக்கம் ஐந்து நாள் கோடை முகாமுக்கு அழைத்துப்போனார்கள். இவளும் போனாள். பாட்டு, நாடகம், விளையாட்டு என்று சந்தோஷமாக இருந்ததாகச் சொன்னாள். இந்த ஆண்டும் போக வேண்டும் என்று இப்போதே பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள். என் கணவருக்கு விருப்பமில்லை. எட்டாம் வகுப்புக்குப் போகிறவள், அந்த ஐந்து நாள் கணக்கு டியூஷனுக்குப் போனால் பிரயோஜனம் என்கிறார். முகாமில் கைப்பேசியையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வளர்ந்த பையன்களும் பெண்பிள்ளைகளும் ஒரே வளாகத்தில் தங்குவது எனக்குக் கவலையாக இருக்கிறது. நீங்கள் பல ஆண்டுகள் முகாம்களில் ஊழியம் செய்தவர். அனுப்பலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பி.கு.: முகாமுக்குப் போய்வந்ததிலிருந்து விளக்கை அணைத்தால் தூங்க மாட்டேன் என்கிறாள். நடு இரவில் எழுந்து எங்கள் அறைக்கு வந்து, நாங்கள் இருக்கிறோமா என்று பார்த்துவிட்டுப் போகிறாள். வயதுக் கோளாறாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு தாய், கோவை

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை முதல்முறை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. டியூஷன், கைப்பேசி, பையன்கள் என்று பக்கம் முழுக்க எழுதிவிட்டு, எழுதியே ஆக வேண்டிய விஷயத்தைப் பின்குறிப்பில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். ஒரு பிள்ளை ஓராண்டாக நடுச்சாமத்தில் எழுந்துவந்து, பெற்றவர்கள் படுக்கையில் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போகிறது. அதற்கு நீங்கள் வைத்த பெயர் வயதுக் கோளாறு. எதற்கு வந்து பார்க்கிறாய் என்று ஒரு நாளாவது அவளை மடியில் சாய்த்துக்கொண்டு கேட்டீர்களா?

நீங்கள் கேட்டவற்றுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து நாளில் கணக்கு எங்கும் ஓடிவிடாது. கைப்பேசியை வாங்கி வைப்பது நல்ல காரியம். பொறுப்பாளரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், போதும். பையன்கள் விஷயத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். தங்குமிடம் தனித்தனியா? இரவில் பெண்பிள்ளைகளோடு எத்தனை பெண்கள் தங்குகிறார்கள்? பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது என்ற விதி உண்டா? இவற்றுக்குப் பதில் சொல்லத் தயங்குகிற இடம் எவ்வளவு பரிசுத்தமான பெயர் வைத்திருந்தாலும் அனுப்பாதீர்கள்.

முகாமே கூடாது என்று சொல்கிற ஆள் நான் அல்ல. என்னை ஆளாக்கியது ஒரு முகாம்தான். நான் பனங்காட்டு ஊரில் பிறந்தவள். எங்கள் ஊரில் எந்தத் தெருக்காரர் எந்தத் தெருக்காரரோடு உட்கார்ந்து சாப்பிடுவார் என்று ஒரு கணக்கு உண்டு. ஞானஸ்நானம் எடுத்து நான்கு தலைமுறை ஆகியும் அந்தக் கணக்கு கோயில் வாசலில் செருப்போடு கழன்று விழவில்லை; உள்ளே வந்து வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பு முடித்த கோடையில் குற்றாலத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்து நாள் முகாமுக்குப் போனேன். சாப்பிட்டதும் நூறு பிள்ளைகளின் எவர்சில்வர் தட்டுகளும் ஒரே தொட்டியில் விழும். நாலு பேர் முறைபோட்டுச் சாம்பலிட்டுத் தேய்த்துக் குவித்து வைப்போம். அடுத்த வேளைக்குக் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடுவோம். முதல் நாள் என் தட்டைத் தேடினேன். அம்மா பாத்திரக் கடையில் என் பெயரை வெட்டிக் கொடுத்த தட்டு அது. மூன்றாம் நாள் தேடுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு வேளையும் யாருடைய பெயரோ என் குழம்புக்கு அடியில் இருந்தது. எங்கள் வீட்டில் வாசற்படி தாண்டவிடாத தெருவின் பெயர்களும் அவற்றில் இருந்தன. வீட்டுக்கு வந்து அதை நான் சொல்லவில்லை. இன்றுவரை மறக்கவும் இல்லை.

பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போதைய முகாம்களில் பிள்ளைகள் கைதட்டிப் பாடுகிற பாட்டுகள் பெரும்பாலும் வெளிநாட்டு மெட்டுக்குள் தமிழை மடக்கித் திணித்தவை. பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்து பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியார் நமக்கு இருக்கிறார். கும்மியைவிடப் பிள்ளைகளுக்கேற்ற செய்கைப் பாட்டு உலகத்தில் ஏது? இது என் நெடுநாள் வருத்தம். இன்றைக்கு இதற்கு நேரமில்லை.

உங்கள் பின்குறிப்புக்கு வருகிறேன். உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒதுங்கவைத்துக்கொண்டிருந்தேன். அதில் நான் ஆசிரியையாக முகாம்களுக்குப் போன காலத்து நோட்டு ஒன்று கிடைத்தது. 1989 மே. நாள்வாரியாக எழுதியிருக்கிறேன். மனப்பாட வசனம் ஒப்பித்தவர்கள் இத்தனை பேர், காய்ச்சலில் படுத்தவர்கள் இத்தனை பேர், கடைசி நாளுக்கு நேரே, சிவப்பு மையில், ‘ஒப்புக்கொடுத்தவர்கள் 42’. இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுப்பதாகக் கை தூக்கிய பிள்ளைகள். எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் வேறு போட்டிருக்கிறேன். அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கடைசி இரவு எப்படி நடக்கும் என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். விளக்குகளை அணைத்துவிடுவோம். மைதானத்தின் நடுவில் விறகு அடுக்கித் தீ மூட்டுவோம். பத்து நாள் வெயிலில் ஆடி, தூக்கம் கெட்டு, மறுநாள் சிநேகிதர்களைப் பிரியப்போகிற பிள்ளைகள். பாதிப் பேருக்கு ஏற்கெனவே அழுகை தொண்டையில் நிற்கும். அப்போது ஒருவர் எழுந்து நரகத்தைப் பற்றிப் பேசுவார். இயேசு திடீரென்று வந்து தம்முடையவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்கிற இரகசிய வருகையைப் பற்றிப் பேசுவார். காலையில் நீ கண்விழிக்கும்போது அம்மாவின் பாய் காலியாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்பார். பிறகு துண்டுச் சீட்டில் அவரவர் பாவத்தை எழுதித் தீயில் போடச் சொல்வோம். எல்லோரும் கண்ணை மூடுங்கள், ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை மட்டும் உயர்த்துங்கள் என்போம். நாங்கள் கண்ணை மூட மாட்டோம். எண்ணிக்கொண்டிருப்போம்.

‘போம்’ என்று பன்மையில் எழுதுகிறேன். அந்த ஆண்டு கேட்டது நான்தான்.

கை தூக்கியவர்களைப் பிரித்து ஆளுக்கு நாலு பேராகத் தனியே கூட்டிப்போய் ஜெபிப்பது வழக்கம். எனக்கு வந்த நால்வரில் ஒரு பையன் பதினோரு வயது. அப்பா பனையேறி. முந்தைய ஆண்டும் அவன் கை தூக்கியது எனக்கு நினைவிருந்தது. “தம்பி, நீ போன வருஷமே ஒப்புக்கொடுத்தாயே?” என்றேன். சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். பிறகு சொன்னான்: “போன வருஷம் என் சீட்டு எரிந்ததா என்று நான் பார்க்கவில்லை டீச்சர். காற்று அடித்தது. வெளியே விழுந்திருந்தால்?”

சீட்டில் என்ன எழுதினாய் என்று கேட்டேன். அம்மாவின் சுருக்குப்பையிலிருந்து எடுத்த இரண்டு ரூபாய். ஐஸ் வாங்கித் தின்றிருக்கிறான், தங்கைக்கும் கொடுத்திருக்கிறான். அந்த இரண்டு ரூபாய்க்காக ஓராண்டாக இரவில் எழுந்து, இருட்டில் தவழ்ந்துபோய், அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுத்திருக்கிறான். கால் இருந்தால் வருகை இன்னும் நடக்கவில்லை என்று அர்த்தம். “சில நாள் அம்மா முழித்துக்கொண்டு, ஏலே என்னத்துக்கு வந்தாய் என்று கேட்பார்கள். தண்ணீர் குடிக்க வந்தேன் என்பேன். அதுவும் பொய்தானே டீச்சர்?”

நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையில் கைவைத்து வழக்கமான ஜெபத்தைச் சொன்னேன். ஆமென் சொல்லவைத்தேன். போய் நோட்டில் எண்ணிக்கை எழுதினேன். அந்த நாற்பத்திரண்டில் அவன் ஒருவன். முந்தைய ஆண்டின் கணக்கிலும் அவன் ஒருவன். மறுநாள் நிறைவு விழாவில் அந்த எண்ணை மேடையில் வாசித்தார்கள், எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். அவன் தட்டையும் பாயையும் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினான். அடுத்த ஆண்டு அவன் வரவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

இதைத்தான் உங்கள் சபை முகாமை நடத்துகிறவர்களுக்கும் உரக்கச் சொல்கிறேன். களைத்துப்போன பிள்ளையை இருட்டில் உட்காரவைத்து, தாயைப் பறிகொடுப்பாய் என்று பயமுறுத்தி வாங்குகிற சம்மதத்துக்கு ஒப்புக்கொடுத்தல் என்று பெயர் வைக்காதீர்கள். பெரியவர்களிடம் இப்படி ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கினால் எந்த நீதிமன்றமும் அதை ஏற்காது. மாற்கு பத்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். “சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்” என்ற வசனத்தை முகாம் பந்தலில் துணியில் எழுதிக் கட்டுகிறோம். அதற்கு இரண்டு வசனம் தள்ளி என்ன நடக்கிறது? இயேசு பிள்ளைகளை அணைத்துக்கொள்கிறார், கைகளை வைக்கிறார், ஆசீர்வதிக்கிறார். அவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அங்கே எழுந்த கைகள் அவருடையவை.

சாமுவேல் கதையைச் சொல்லாத முகாம் உண்டா? நானே ஃபிளானல் துணியில் படம் ஒட்டி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இரவில் ஆண்டவரே கூப்பிடுகிறார், பிள்ளை சாமுவேல் பதறி ஆசாரியர் ஏலியிடம் ஓடிவருகிறது. ஏலி குறைகள் உள்ளவர், கண் மங்கியவர். அவர் முதலில் சொன்னது “நான் கூப்பிடவில்லை, திரும்பிப்போய்ப் படுத்துக்கொள்” என்பதுதான். இரண்டாம் முறையும் அதையேதான் சொன்னார். மூன்றாம் முறை, கூப்பிடுகிறவர் யார் என்று தெரிந்த பிறகும், “போய்ப் படுத்துக்கொள்” என்றுதான் தொடங்குகிறார். தூக்கம் கலைந்து வந்த பிள்ளையை மூன்று முறையும் படுக்கைக்கே அனுப்பினார் அந்தக் கிழவர். அந்தப் பனையேறி மகனிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது அது ஒன்றுதான். சீட்டு எரிந்துவிட்டது ராசா, போய்ப் படுத்துக்கொள்.

பயமுறுத்தாவிட்டால் பிள்ளைகள் வழிதவறிப் போவார்கள் என்று எழுதுகிறவர்கள் எழுதுவார்கள். அவர்களுக்குப் பழைய கதை ஒன்று. 1867இல் லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் ஜோசையா ஸ்பியர்ஸ் என்பவர் பிள்ளைகளை மட்டும் சேர்த்துக் கூட்டம் நடத்தத் தொடங்கினார். பிள்ளைகளிடையே ஊழியம் செய்கிற ஸ்கிரிப்ச்சர் யூனியன் இயக்கம் வளர்ந்தது அந்த வேரிலிருந்து. அடுத்த ஆண்டு கோடையில் வேல்ஸ் நாட்டு லாண்டட்னோ கடற்கரையில் அவர் செய்த காரியம் இது: ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ என்று மணலில் பெரிதாக எழுதினார். அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூழாங்கல்லும் கடற்பாசியும் பொறுக்கிவந்து அந்த எழுத்துகளை நிரப்பச் சொன்னார். அதற்குப் பிறகுதான் கதை. 1898இல் நியூயார்க்கில் எலைசா ஹாஸ் என்ற அம்மையார், கோடையில் வீதியே கதியென்று அலைந்த பிள்ளைகளுக்காகப் பீர் விற்கிற கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பள்ளி நடத்தினார். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அதுவும் ஒரு தொடக்கம். வெயிலில் அலைகிற பிள்ளைக்கு நிழலும் கதையும் கைவேலையும் கொடுத்த இந்த வேலையில், தீயைக் காட்டிக் கை தூக்கவைப்பது எப்போது முதன்மையான காரியம் ஆயிற்று?

தங்கை, உங்கள் மகள் இத்தனை பயத்தோடும் மறுபடி போக வேண்டும் என்கிறாள். அந்தப் பாட்டும் சிநேகிதங்களும் அவளுக்கு அவ்வளவு வேண்டியிருக்கின்றன. சீட்டு எரிந்ததா என்று பார்க்கவும் போகலாம், எனக்குத் தெரியாது, அவளிடம் கேளுங்கள். அனுப்புவதற்கு முன் பொறுப்பாளரைப் பார்த்து, கடைசி இரவு என்ன செய்வீர்கள் என்று நேராகக் கேளுங்கள். அன்று நானும் வந்து பின்வரிசையில் உட்காருவேன் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் நான்காம் நாள் மாலையிலேயே அழைத்து வந்துவிடுங்கள். தட்டில் பெயர் வெட்டிக் கொடுங்கள். மாறிப்போனால் திட்டாதீர்கள்.

அதெல்லாம் மே மாதத்துக்கு. இப்போதைக்கு அவள் அறை விளக்கு எரியட்டும். இன்று இரவு அவள் வந்து எட்டிப் பார்க்கும்போது தூங்குவதுபோல் கிடக்காதீர்கள். போர்வையைத் தூக்கி இடம் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா