மணிக்கட்டைப் பாருங்கள்

கேள்வி: ஆசிரியர் ஐயா, பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு ஃபெரியில் வேலைக்குப் போகிறேன். சில காலைகளில் ஒரு செம்பருந்து சிறகை ஒருமுறைகூட அடிக்காமல் படகோடு கூடவே வருகிறது. வேகத்தை எப்படிக் கூட்டிக் குறைக்கிறது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகள் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். பறவைச் சிறகு என்று பேச்சு வந்துவிட்டால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

சௌராஸ்தா சந்தையில் நுனி வெட்டாத ஒரு முழுக் கோழிச் சிறகு வாங்குங்கள். சமைக்கும் முன், மேல்கை எலும்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முழங்கையை மட்டும் மெல்ல நீட்டுங்கள். நீங்கள் தொடாமலே மணிக்கட்டும் விரியும். முழங்கையை மடக்கினால் அதுவும் மடங்கும். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே முக்கோணமாக ஒரு தோல் இருக்கும். அதன் முன்விளிம்பைத் தடவினால் கயிறு போல ஒரு தசைநாண் தட்டுப்படும். என் மாணவர்கள் இதைத் தொட்ட நொடியில் வகுப்பே அமைதியாகிவிடும்!

செம்பருந்துக்கும் இதே அமைப்புதான். சிறகை முழுதாக விரித்தால் பரப்பு கூடும். மெதுவாகப் போனாலும் காற்று அதைத் தாங்கும். பாதி மடக்கினால் பரப்பு குறையும். உடல் எடையைத் தாங்க வேகம் வேண்டும். மடங்கிய சிறகில் காற்றின் உராய்வும் குறைவு என்பதால் அந்த வேகம் கிடைத்துவிடுகிறது. 1968இல் காலின் பென்னிகுயிக் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் செயற்கையாகக் காற்று வீசச்செய்யும் காற்றுச் சுரங்கத்தில் ஒரு புறாவைச் சறுக்கிப் பறக்கவிட்டு இதை அளந்து காட்டினார். காற்றின் வேகம் கூடக் கூட, புறா சிறகைக் குறுக்கிக்கொண்டே போனது.

ஆனால் சிறகடிக்காத பறவை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கத்தான் வேண்டும். படகின் பக்கத்தில் மோதி மேலே எழும் காற்று அந்த இறக்கத்தை ஈடுகட்டுகிறது. உங்கள் பருந்து படகை விட்டு விலகாததற்கு அது ஒரு காரணம்.

கோயில் கும்பாபிஷேகத்தன்று கோபுரத்துக்கு மேலே கருடன், அதாவது இதே செம்பருந்து, வட்டமிடும்போது எல்லாரையும் போல நானும் கைகூப்புகிறேன். அப்போதும் என் கண் சிறகு நுனிக்குத்தான் போகும். வெயிலில் சுட்ட தரையிலிருந்து வெந்த காற்று மேலே எழுகிறது. அதற்குள்ளேயே மெதுவாகச் சுற்றினால்தான் உயரம் கிடைக்கும். அதனால் சிறகை அகல விரித்து, நுனி இறகுகளை விரல்கள் போலப் பிரித்துக்கொள்கிறது. சிறகு நுனியில் காற்று சுழித்து இழுப்பதை அந்த இடைவெளிகள் குறைக்கின்றன.

நாளை ஃபெரியில் பருந்தின் மணிக்கட்டை மட்டும் பாருங்கள். அது முன்னே வருவதும் பின்னே மடங்குவதும் ஓயவே ஓயாது. இறங்கி உட்காரப் போகும் நேரத்தில், மணிக்கட்டில் கட்டைவிரல் போல ஒரு சிறு இறகுக்கொத்து எழும்பி நிற்கும். வேகம் மிகக் குறைந்த அந்த நேரத்திலும் காற்று சிறகின் மேற்பரப்பைவிட்டுப் பிரியாமல் அது பார்த்துக்கொள்கிறது. உங்கள் கோழிச் சிறகிலும் அந்தக் கட்டைவிரல் இருக்கிறது, தேடுங்கள்.

கேள்வி: தெலுக் பஹாங் கடற்கரையில் கருடனைவிடப் பெரிய பறவை ஒன்று சிறகுகளை மேலே தூக்கியபடி மிதக்கிறது. அது என்ன?
– வாசகர், பாலிக் புலாவ்

பதில்: வெண்வயிற்றுக் கடற்கழுகு. சிறகு விரிந்தால் ஏறத்தாழ 2 மீட்டர் அகலம். வால் குட்டையாக, ஆப்பு போல இருக்கும். நீங்கள் பார்த்த அந்த 'வி' வடிவம்தான் நல்ல அடையாளம். செம்பருந்து சிறகை இவ்வளவு தூக்கிப் பிடிப்பதில்லை. காற்று ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டால், தாழ்ந்த பக்கத்துச் சிறகு கூடுதலாகத் தூக்கப்பட்டு உடல் தானே நிமிர்ந்துகொள்ளும்.