ஓவியக் கல்லூரியில் படிக்காமல், புதுப்புது உத்திகளை நம்பி ஒருவர் ஓவியராக முடியுமா?

கேட்கும் தொனியைப் பார்த்தால், வீட்டில் இன்ஜினியரிங் விண்ணப்பத்தை வாங்கி வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

முடியும். ஜெர்மனியில் பிறந்த ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட், பான் பல்கலைக்கழகத்தில் படித்தது தத்துவம். ஓவியக் கல்லூரியின் படியை மிதித்தவரில்லை. "அவருடைய அப்பா ஓவியம் வரைந்தவராயிற்றே" என்று யாராவது கிளம்புவீர்கள். வரைந்தார், பொழுதுபோக்காக. என் அப்பாவும் வேலூரில் போர்டு எழுதியவர்தான். அதனால் எனக்கு என்ன கிடைத்துவிட்டது?

1925இல் பிரான்ஸின் கடற்கரை ஊர் ஒன்றில், விடுதி அறையின் தேய்ந்த தரைப்பலகை மேல் தாளைப் போட்டுத் தேய்த்தார் எர்ன்ஸ்ட். அந்த உத்திக்கு 'ஃப்ரோத்தாஜ்' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் நாணயத்தின் மேல் தாளை வைத்து நாம் பென்சிலால் தேய்த்தோமே, அதே வேலை. பிற்பாடு, 1942 வாக்கில், துளையிட்ட டப்பாவைக் கயிற்றில் ஆட்டி வண்ணத்தைச் சொட்டவிட்டார்.

இதைப் படித்த வேகத்தில், வேலப்பாடி வீட்டில் கொத்தி இரண்டு நாளே ஆன அம்மியின் மேல் தாளை விரித்துக் கரியால் தேய்த்தேன். உளிக் குழிகளெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக நின்றன. உளி படாத ஓரம் மட்டும் கன்னங்கரேலென்று வந்தது. அப்பா முகர்ந்து பார்த்து, "மிளகாய் வாசம் வருகிறதே" என்றார்.

ஊரில் நடந்த ஒரு கண்காட்சிக்குக் கொடுத்தேன். "தம்பி, இதில் நீ வரைந்தது எங்கே?" என்று கேட்டு நடுவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். பதினோரு வருடமாகியும் உறுத்துகிறது. அவர் கேட்டதில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. எர்ன்ஸ்ட் தேய்த்ததோடு நிற்கவில்லை. மரவரிகளுக்குள் காடும் பறவையும் புலப்படும்வரை உற்றுப் பார்த்து வெளியே கொண்டுவந்தார். நான் புள்ளிகளைக் கண்டதும் பூரித்து நிறுத்திவிட்டேன். ஆனால் அன்று பரிசு வாங்கியது, புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டுப் பெரிதாக்கிய ஒரு தலைவர் படம். அதில் வரைந்தது எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை!

எர்ன்ஸ்டுக்கு வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியின் ஓவியப் பரிசு கிடைத்தது 1954இல், 63 வயதில். அதுவரை சோற்றுக்கு வழி பார்த்துக்கொள்ளுங்கள். போர்டு எழுதிப் பிழைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். லாங் பஜாரில் அப்பா எழுதிய பலகைகள் மேலேயே ஃபிளெக்ஸை வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன்: ஒரு கடையில் அந்த ஃபிளெக்ஸ் வெயிலில் கிழிந்து தொங்குகிறது. உள்ளேயிருந்து 'ஜவுளி'யின் 'ஜ' மட்டும் எட்டிப் பார்க்கிறது. எனாமல் இன்னும் மங்கவில்லை.