கர்ப்ப காலத்தில் முகத்துக்கு எதைப் போடலாம்? மங்குக்கு மெடிக்கலில் வாங்கிய கிரீமைத் தொடரலாமா?

நான்காம் மாதம், கன்னத்திலும் மேலுதட்டுக்கு மேலும் மங்கு படிகிறது, தாடையில் பரு, பக்கத்து மெடிக்கலில் கேட்டு வாங்கிய கிரீமைக் கொஞ்ச நாளாகப் போடுகிறேன், தொடரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தாளுநராக வேலை பார்ப்பவள், இரண்டு பிள்ளைகள் பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த கிரீமை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

முதலில் அந்த அட்டைப்பெட்டியைக் கையில் எடுங்கள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதா? இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. அடுத்து, பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் சேர்மானத்தைப் படியுங்கள். நம் ஊரில் மங்குக்கு என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது மூன்று மருந்து சேர்ந்த கலவை. ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், மோமெட்டாசோன் 0.1 சதவீதம் என்று போட்டிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், சரக்கு இதுதான்.

ஹைட்ரோகுவினோன் தோலோடு நிற்காது. பூசுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரத்தத்தில் கலக்கிறது. தோலில் பூசும் மருந்துக்கு அது மிக அதிகம். ட்ரெட்டினாயின், வைட்டமின் ஏ குடும்பம். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைப் பருவுக்குக் கொடுப்பார்கள். கர்ப்பத்தில் அதை விழுங்கினால் குழந்தையின் இதயம், மூளை, காது எல்லாம் பாதிக்கப்படலாம் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். அதனால்தான் அந்த மாத்திரையை விட்டு ஒரு மாதமாவது ஆன பிறகே கருத்தரிக்கச் சொல்கிறார்கள். பூசும் கிரீமில் உள்ளே போவது சொற்பம்தான். ஆனாலும் ட்ரெட்டினாயின், அடாபலீன், ரெட்டினால் என்று எழுதியிருக்கும் எதுவும் இந்த மாதங்களில் வேண்டாம். மூன்றாவதான மோமெட்டாசோன் ஒரு ஸ்டீராய்டு. முகம் சில வாரத்தில் பளிச்சென்று ஆவது போலத் தெரியும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, வெயில் பட்டாலே எரிய ஆரம்பிக்கும். நிறுத்தினால் மங்கு திரும்ப வரும். இப்படிக் கண்டபடி விற்பதைத் தடுக்கத்தான் 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டு கட்டாயமான பட்டியலில் சேர்த்தது. இருந்தும் கேட்டவுடன் தருகிற கடைகள் இருக்கின்றன. என் தொழிலில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

இதைப் படித்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தெரியாமல் கொஞ்ச நாள் பூசியவர்களின் குழந்தைகளுக்குக் குறை அதிகமாக வந்ததாக இதுவரை நடந்த ஆய்வுகள் காட்டவில்லை. நிறுத்துங்கள், அடுத்த செக்கப்பில் அந்தப் பெட்டியையே எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள், போதும்.

இதைவிட எனக்குப் பயம் தருவது சேர்மானமே அச்சிடாத சிவப்பழகு கிரீம்கள். வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்லி ஃபேன்ஸி ஸ்டோரிலும் ஆன்லைனிலும் விற்கிறார்கள். அவற்றில் பலவற்றில் பாதரசம் இருக்கிறது. கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் 2023-ல் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானதை மருத்துவர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பாதரசம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் வேறு யாரும்கூட அதைப் பூச வேண்டாம் என்பேன், ஏனென்றால் துண்டு, தலையணை வழியாக வீடு முழுக்கப் பரவும்.

சரி, மங்குக்கு என்னதான் செய்வது? ஹார்மோன் கூடியதால் தோலின் நிறமி செல்கள் வேகமாக வேலை செய்கின்றன, வெயில் அதைத் தூண்டிவிடுகிறது. ஹார்மோனை இப்போது ஒன்றும் செய்ய முடியாது, வெயிலைத் தடுக்கலாம். ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டைஆக்சைடு போட்ட சன்ஸ்க்ரீன் வாங்குங்கள், எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாமல். லேசாகத் தோல் நிறத்தில் இருக்கும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் இருக்கும் அயர்ன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும், மங்குக்கு அந்த வெளிச்சமும் ஒரு காரணம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு போல எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். நம்மில் பலர் பொட்டு அளவு தொட்டுத் தடவிவிட்டுப் பலன் இல்லை என்கிறோம். வெளியே நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போடுங்கள். அப்புறம் குடை. பஸ் ஸ்டாப்பில் ஐந்து நிமிடம்தானே என்று விடாதீர்கள்.

மருந்தும் வேண்டும் என்றால் அசெலாயிக் ஆசிட் கிரீம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்பத்தில் பாதுகாப்பானது, மங்கு, பரு இரண்டுக்கும் உதவும். உங்களுக்கு இரண்டும் இருப்பதால் இதைத்தான் முதலில் சொல்வேன். முதல் வாரம் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமும் சரிதான், துண்டில் பட்டால் வெளுத்துவிடும், கவனம். சாலிசிலிக் ஆசிட் 2 சதவீதத்துக்குள் இருக்கும் ஃபேஸ்வாஷ் பரவாயில்லை, பார்லரில் ஆசிட் பூசித் தோலை உரிக்கும் பீல் வேண்டாம். முன்பு பருவுக்கு வாங்கி வீட்டில் மிச்சம் இருக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையைத் தொடாதீர்கள், அது குழந்தையின் பல்லில் கறையாகப் படியும். நியாசினமைடு, வைட்டமின் சி சீரம், சாதாரண மாய்ஸ்சரைசர் இவற்றில் பயம் இல்லை.

வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் கேட்டிருந்தீர்கள். பாசிப்பயறு மாவு, தேங்காய் எண்ணெய், நம்பிக்கையான இடத்தில் வாங்கிய மஞ்சள், எல்லாம் தாராளமாகப் போடலாம். எலுமிச்சைச் சாறு மட்டும் முகத்தில் வேண்டாம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும். குங்குமப்பூப் பால் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்காது, நிறம் தாய் தகப்பனின் மரபணுவில் இருப்பது. மாமியார் ஆசையாகக் கொடுத்தால் இரண்டு இழை போட்ட பாலைக் குடியுங்கள், தப்பில்லை. வளைகாப்புக்கு மருதாணி வைப்பார்கள். இலையை அரைத்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் கன்னங்கறேலென்று பிடிக்கும் கோன்களில் தலைச்சாயத்தில் போடும் ரசாயனத்தைக் கலக்கிறார்கள். சிலருக்குக் கை கொப்பளித்துவிடும்.

வயிற்றில் விழும் கோடுகளைத் தடுக்கும் என்று ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும் எண்ணெய்களுக்குப் பணம் கொட்டாதீர்கள். எந்த கிரீமும் அதைத் தடுக்கும் என்று நிரூபணம் ஆகவில்லை. அரிப்புக்குத் தேங்காய் எண்ணெயே போதும்.

ஆனால் அரிப்பில் ஒரு வகையை எண்ணெய் தடவிச் சமாளிக்கக் கூடாது. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஏழாம் மாதத்துக்கு மேல் தோலில் தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால், அதுவும் ராத்திரியில் தூங்க விடாமல் அரித்தால், கல்லீரலிலிருந்து பித்தம் சரியாக வடியாததால் இருக்கலாம். ரத்தத்தில் பித்த அமிலம் எவ்வளவு என்று பார்த்தால் தெரிந்துவிடும். அந்த அளவு லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தாண்டினால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் ஆபத்து கூடுகிறது. என் இரண்டாவது பிரசவத்துக்கு முன் எனக்கு இப்படி அரித்தபோது வீட்டில் எல்லோரும் சூடு என்று சொல்லி மோர் கொடுத்தார்கள். மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். எனக்கு அளவு சரியாக இருந்தது. உங்களுக்கு அப்படி அரித்தால் அன்றைக்கே போங்கள், செக்கப் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள்.

மங்கு பெரும்பாலானவர்களுக்குப் பிரசவம் ஆகிச் சில மாதங்களில் தானாகவே வெளுக்கிறது. எனக்கும் அப்படித்தான், மேலுதட்டில் மட்டும் லேசாக நின்றது. பால் மறந்த பிறகும் உங்களுக்குத் தங்கியிருந்தால் தோல் டாக்டரைப் பாருங்கள். அப்போது அவரே அந்த மூன்று மருந்துக் கலவையைச் சில வாரத்துக்கு மட்டும் எழுதித் தரலாம். இப்போது வீட்டில் இருக்கும் டியூபை அதுவரை பத்திரப்படுத்த வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.