ஹோரேஸ் மான்: அடுத்த தலைமுறையைக் கட்சிக்காரராக ஏற்ற வழக்கறிஞர்

அமெரிக்கக் குடியரசின் தொடக்கக் காலத்தில் சட்டம் பயின்று மாநில அரசியலுக்கு வந்தவர்களுள் என் மனத்தில் நிற்பவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் ஹோரேஸ் மான். அமெரிக்கப் பொதுப் பள்ளிகளின் தந்தை என்று கல்வித் துறையினர் அவரைப் போற்றுவார்கள். வழக்கறிஞர் தொழிலில் இருக்கும் என்னை ஈர்ப்பதோ, அவர் சட்டம் படித்த விதமும் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தில் கழித்த பத்து ஆண்டுகளும்தான்.

அவர் 1796-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராங்க்ளின் என்னும் ஊரில் ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் ஆண்டுக்குச் சுமார் பத்து வாரங்களே பள்ளிக்குச் செல்ல முடிந்தது. தம் பெயரைச் சூட்டிக்கொண்ட அந்த ஊருக்கு, ஊரார் விரும்பிய தேவாலய மணிக்குப் பதிலாக, பெஞ்சமின் பிராங்க்ளின் 116 நூல்களை அனுப்பியிருந்தார். பள்ளி தராததை அச்சிறுவன் அந்த நூலகத்திலிருந்து எடுத்துக்கொண்டான். பின்னர் பிரவுன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1819-ல் வகுப்பின் முதல் மாணவராகத் தேறினார்.

1820களின் தொடக்கத்தில் அவர் கனெக்டிகட் மாநிலத்தின் லிட்ச்பீல்டு சட்டப் பள்ளிக்குச் சென்றார். அக்காலத்தில் வழக்கறிஞராக விரும்பிய பெரும்பாலோர், ஒரு மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் அமர்ந்து ஆவணங்களைப் படியெடுத்தே தொழில் கற்றார்கள். அதற்கு மாற்றாக, இப்பள்ளியின் நிறுவனர் டாப்பிங் ரீவ் தம் வீட்டில் தொடங்கி, பிறகு வீட்டருகே கட்டிய ஓர் அறைக் கட்டடத்தில் தொடர்ந்த வகுப்புகளில், சட்டம் முழுவதும் தலைப்பு வாரியாக, ஒழுங்கான விரிவுரைகளாகக் கற்பிக்கப்பட்டது. மான் சேர்ந்தபோது ரீவ் ஓய்வு பெற்றிருந்தார். ஜேம்ஸ் கோல்டு பள்ளியின் பொறுப்பை ஏற்றிருந்தார். மாணவர்கள் விரிவுரையைக் குறிப்பெடுத்து, பின்னர் சீராக எழுதி, தொகுதிகளாகக் கட்டி வைத்துக்கொள்வார்கள். சட்ட நூல்கள் அரிதாயிருந்த அந்நாளில் தொழில் நடத்த அவையே கைநூல்களாயின. மாதிரி வழக்கு மன்றங்களில் வாதாடவும் பழகினார்கள். உண்மைகளைத் திரட்டி, வகைப்படுத்தி, எதிர்த்தரப்பின் கேள்விக்கு முன்கூட்டியே விடை தேடி வைக்கும் பழக்கம் மானின் பிற்கால எழுத்துகள் முழுவதிலும் தெரிகிறது. அதில் இப்பள்ளிக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

1823-ல் வழக்கறிஞராகப் பதிவு பெற்று டெடம் நகரில் தொழில் தொடங்கிய அவர், 1827-ல் மாநிலக் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மனநோயாளிகள் சிறைகளிலும் ஏழையர் விடுதிகளிலும் அடைக்கப்பட்டுக் கிடந்த நிலையை 1830-ல் அவையின் முன் கொண்டுவந்து, அவர்களுக்கென அரசு மருத்துவமனை அமைக்கச் செய்தார். ஊஸ்டர் நகரில் 120 பேருக்கான இடவசதியுடன் அது 1833-ல் திறக்கப்பட்டது. ஓட்டுப் போடவோ நன்றி சொல்லவோ இயலாத மனிதர்களுக்காக ஒரு புதிய உறுப்பினர் தம் செல்வாக்கைச் செலவிட்டார் என்பதற்காகவே அவரை மதிக்கலாம். இடையில், 1832-ல், மணமாகி இரண்டு ஆண்டுகளே ஆன மனைவி சார்லட் இறந்துபோனார்.

மாநில மேலவையின் தலைவராக அவர் இருந்தபோது, 1837-ல், மாநிலக் கல்வி வாரியம் அமைக்கும் சட்டம் நிறைவேறியது. அந்த வாரியத்தின் செயலாளர் பதவியை ஏற்க அவர் வழக்குத் தொழிலையும் மேலவைத் தலைமையையும் துறந்தார். அன்றைய வாரியத்தால் எந்தப் பள்ளிக்கும் ஆணையிட முடியாது. தகவல் திரட்டலாம், அறிக்கை அளிக்கலாம், அவ்வளவே. ஒரு கட்சிக்காரரின் நலன் அடுத்த தலைமுறையின் நலனுக்கு முன் மிகச் சிறியது, இனி அத்தலைமுறையே என் கட்சிக்காரர் என்ற பொருளில் அப்போது அவர் எழுதினார். அதிகாரம் இல்லாத அப்பதவியை அவர் ஒரு நீண்ட வழக்காகவே நடத்தினார் என்று நான் கருதுகிறேன். ஊர் ஊராகக் குதிரையில் சென்று பள்ளிக் கட்டடங்களைப் பார்த்தார்; கூட்டங்களில் பேசினார்; பன்னிரண்டு ஆண்டறிக்கைகளில் சான்றுகளை அடுக்கினார். 1839-ல் லெக்சிங்டனில் மாநிலத்தின் முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மூன்றே மாணவியருடன் தொடங்கியது. அவ்வாண்டிலேயே பள்ளிகள் குறைந்தது ஆறு மாதம் நடக்க வேண்டும் என்ற சட்டமும் வந்தது. மறு ஆண்டு வாரியத்தையே ஒழிக்கச் சட்டமன்றத்தில் நடந்த முயற்சி தோற்றது. பெண்களை ஆசிரியப் பணிக்குப் பெருமளவில் அழைத்த அவர், ஆண்களுக்கு இணையான ஊதியத்திற்காகவும் அதே அழுத்தத்துடன் போராடியிருக்க வேண்டும் என்ற குறை எனக்கு உண்டு.

விட்ட தொழிலுக்கு அவர் ஒருமுறை திரும்பினார். 1848-ல், முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸின் மறைவால் காலியான இடத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் சென்ற சில மாதங்களில், அடிமைப்பட்டிருந்த எழுபதுக்கும் மேற்பட்டோரை வாஷிங்டனிலிருந்து 'பேர்ல்' என்ற பாய்மரக் கப்பலில் தப்புவிக்க முயன்று பிடிபட்ட டேனியல் டிரேட்டனுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார். டிரேட்டனுக்குத் தண்டனை கிடைத்தது. 1852-ல் குடியரசுத் தலைவர் பில்மோர் மன்னிப்பு வழங்கிய பிறகே அவர் சிறையிலிருந்து வெளிவந்தார்.