சுவர் இடிந்தது யாருக்கு, பட்டா யாருக்கு?

வாசகர் கேள்வி – பதில்

(மழை, வெள்ளத்தில் வீடு சேதமாகி, கையில் சரியான ஆவணம் இல்லாமல் தவிப்பவர்களின் கடிதங்களுக்கு, ஓய்வுபெற்ற வருவாய்த் துறை அலுவலர் ஒருவர் பதில் சொல்கிறார்.)

வாசகி, வியாசர்பாடி: கால்வாய் ஓரத்தில் என் மாமியார் காலத்திலிருந்து குடியிருக்கிறோம். சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. மழையில் பின்பக்கச் சுவர் விழுந்து ஷீட்டும் உடைந்துவிட்டது. கணக்கெடுக்க வந்தவர் "பட்டா இருக்கா?" என்றார். இல்லை என்றதும் பெயர்கூட எழுதாமல் போய்விட்டார். எங்களுக்கு ஒன்றும் கிடைக்காதா?

கேட்கிற விதத்தில் கேட்டால் வழி இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் முழங்கால் தண்ணீரில் அட்டையும் பேனாவுமாகக் கணக்கெடுக்கப் போனவன்தான். சுவர் விழுந்து கிடக்கிற வீட்டு வாசலில் நின்று பட்டா கேட்கிறவரை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. நிலம் யாருடையது என்பது ஒரு கேள்வி. அந்த வீட்டில் யார் குடியிருந்தார்கள், எவ்வளவு இடிந்தது என்பது வேறு கேள்வி. நிவாரணம் இரண்டாவது கேள்விக்குத்தான்.

நம் ஊரிலேயே பார்த்ததுதானே. 2015 வெள்ளத்தில் குடிசை இழந்த குடும்பத்துக்கு 10,000 ரூபாய், வெள்ளம் சூழ்ந்த நிரந்தர வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று அறிவித்து வங்கிக் கணக்கில் போட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது 6,000 ரூபாய் ரேஷன் கடையில் ரொக்கமாகத் தந்தார்கள். அதற்குக் குடும்ப அட்டைதான் ஆதாரம். அட்டை இல்லாதவர்களிடமும் கடையிலேயே விண்ணப்பம் வாங்கினார்கள். இரண்டு முறையும் குடியிருந்தவரைப் பார்த்துத்தான் கொடுத்தார்களே தவிர, நிலத்துக்காரரைத் தேடிப் போகவில்லை.

வீட்டுச் சேதத்துக்கான தொகை இதிலிருந்து தனி. அது மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிறது. அதற்கு மத்திய அரசு விதிமுறை வைத்திருக்கிறது. 2022-23 முதல் 2025-26 வரைக்கான கணக்கில், சமவெளிப் பகுதியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். பகுதி சேதம் என்றால் உறுதியான கட்டுமானத்துக்கு 6,500, மண் சுவர் போன்ற கச்சா வீட்டுக்கு 4,000. குறைந்தது 15 சதவீதமாவது சேதமாகியிருக்க வேண்டும். குடிசைக்கு 8,000. குடிசைக்குக் கிடைப்பது, சுவர் பெயர்ந்த செங்கல் வீட்டுக்குக் கிடைப்பதைவிட அதிகம் என்பதைக் கவனித்தீர்களா? கணக்கெடுப்பவர் படிவத்தில் வீட்டு வகைக்கான கட்டத்தில் என்ன எழுதுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே அவர் எழுதும்போது பக்கத்தில் நில்லுங்கள். மண் சுவரா, செங்கல்லா, எத்தனை சுவர் போனது, கூரை போனதா என்பதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சேதமான வீடு அனுமதி பெற்ற கட்டுமானம் என்று மாநில அரசின் தகுதியான அலுவலர் சான்று தர வேண்டும் என்று அந்த விதிமுறையில் ஒரு குறிப்பு உண்டு. அதைத்தான் சிலர் 'பட்டா' என்று சுருக்கிவிடுகிறார்கள். பட்டா என்ற சொல்லே அதில் கிடையாது. குடிசை எது என்பதற்குத் தனி விளக்கம் இருக்கிறது: கீற்று, மண், பிளாஸ்டிக் ஷீட் போன்றவற்றால் ஆன தற்காலிக இருப்பிடம், மாவட்ட நிர்வாகம் குடிசை என்று ஏற்றுக்கொள்வது. ஆக, களத்தில் பார்த்தவரின் அறிக்கைக்குத்தான் எடை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. வெள்ளைத் தாளில் வட்டாட்சியருக்கு மனு எழுதுங்கள். 'எங்கள் சொந்த வீடு' என்று எழுதாதீர்கள். 'நாங்கள் குடியிருக்கும் வீடு' என்று எழுதுங்கள். கரண்ட் பில், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பிள்ளையின் பள்ளிச் சான்று என்று அந்த முகவரி போட்ட எதுவானாலும் நகல் வையுங்கள். புறம்போக்கில் இருப்பவர்களுக்கு வருவாய்த் துறை 'பி மெமோ' என்ற ஆக்கிரமிப்பு நோட்டீஸ் கொடுத்து, தண்டத் தீர்வை என்ற அபராதம் வசூலித்திருக்கும். அந்த ரசீது மாமியாரின் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஆக்கிரமிப்பு என்று அரசு அடித்த அபராதமே, அத்தனை வருஷமாக நீங்கள் அங்கே இருந்ததற்கு அரசு கொடுத்த சாட்சியும் ஆகிவிடுகிறது!

போட்டோ விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். இடிந்த சுவரை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் அது யார் வீட்டுச் சுவர் என்று யாருக்குத் தெரியும்? மீட்டர் பலகையில் எழுதியிருக்கும் மின் இணைப்பு எண் தெரிய ஒரு படம், அங்கிருந்தே திரும்பி இடிந்த பக்கம் தெரிய ஒன்று, பக்கத்து வீடும் சேர்ந்து விழும்படி தெருவிலிருந்து ஒன்று எடுங்கள். பில்லில் இருக்கும் எண்ணும் படத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால் பேச்சே இல்லை. இடிபாட்டை அள்ளுவதற்கு முன் எடுக்க வேண்டும்.

மனுவுக்கு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். தாலுகா ஆபீஸில் வாங்க மறுத்தால் ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸ், திங்கட்கிழமை குறைதீர் நாள். 1100 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். அப்புறமும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, 'என் வீட்டு இலக்கத்துக்கு எதிரே கணக்கெடுப்புத் தாளில் என்ன எழுதப்பட்டிருக்கிறது' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இந்த ஒரு கேள்விக்கே பல இடங்களில் கோப்பு நகர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மனு கொடுத்தால் காலி செய்யச் சொல்வார்களோ என்று பயந்து பேசாமல் இருப்பவர்கள் உண்டு. நீங்கள் அங்கே இருப்பது அரசுக்குத் தெரியாத ரகசியம் இல்லை, பி மெமோவே அவர்கள் கொடுத்ததுதானே. அதே சமயம், நிவாரணம் வாங்கியதால் நிலத்தில் உரிமை வந்துவிடாது. கால்வாய்க் கரை நீர்நிலைப் புறம்போக்கு. அங்கே பட்டா வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2025 பிப்ரவரியில் சென்னையைச் சுற்றியுள்ள 'பெல்ட் ஏரியா' உள்ளிட்ட இடங்களில் சுமார் 86,000 பேருக்குப் பட்டா தர அமைச்சரவை முடிவெடுத்தது ஆட்சேபனை இல்லாத புறம்போக்குக்குத்தான், நீர்நிலை அதில் வராது. உங்கள் இடத்துக்கு மாற்று வீட்டுக் கணக்கெடுப்பு வந்தால் அன்று குடும்பத்தில் பெரியவர் ஒருவர் கட்டாயம் வீட்டில் இருங்கள்.

வாசகர், வேளச்சேரி: வாடகை வீடு. தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். நிவாரணப் பணம் தனக்குத்தான் என்கிறார் வீட்டுக்காரர்.

ரேஷன் அட்டை வழியாக வருவது உங்களுடையது. அவருக்கு அதில் பங்கு கிடையாது. சுவர், கூரை சேதத்துக்கு வருவது கட்டிடத்துக்கு, அதை அவர் கேட்கட்டும். அட்டை இன்னும் சொந்த ஊர் முகவரியிலேயே இருக்கிறதா? அப்படியானால் வெயில் காலத்திலேயே மாற்றிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தபிறகு இ-சேவை மையத்துக்கு ஓடுவது நம்மவர்களின் நிரந்தர வியாதி.

வாசகி, செம்மஞ்சேரி: போர்டு (வாழ்விட வாரிய) வீட்டை முதலில் ஒதுக்கீடு பெற்றவரிடம் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கினோம். வருஷாவருஷம் தண்ணீர் வருகிறது. நிவாரணத்துக்கு அவர் பெயரிலேயே விண்ணப்பிக்கலாமா?

கூடவே கூடாது. பொய்யான தகவல் கொடுத்து நிவாரணம் கோருவது 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் குற்றம். 2 ஆண்டு வரை சிறை. உங்கள் ரேஷன் அட்டை அந்த முகவரியில் இருந்தால் குடும்ப நிவாரணத்தை உங்கள் பெயரிலேயே கேளுங்கள். கட்டிடப் பழுதுக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம் மனு கொடுங்கள்.

ஸ்டாம்ப் பேப்பர் விஷயத்தில் உண்மையைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். வாரியம் கிரயப் பத்திரம் போட்டுக் கொடுக்காத வீட்டை அவர் விற்றதும் செல்லாது, நீங்கள் வாங்கியதும் செல்லாது. ஆனாலும் பணம் கொடுத்த அத்தாட்சி அது ஒன்றுதான், பத்திரமாக வையுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால் 15100-க்கு போன் செய்யுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் பெண்களுக்கும் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. நீங்கள் இரண்டிலும் வருகிறீர்கள்.

வாசகர், கொளத்தூர்: வீடு இறந்துபோன அப்பா பெயரில். அண்ணன் பெங்களூரில், அக்கா கடலூரில். மாடிப்படிச் சுவர் இடிந்ததற்கு மனு கொடுத்தால், வாரிசுச் சான்றும் எல்லாருடைய கையெழுத்தும் கேட்கிறார்கள். மூலப்பத்திரமும் பீரோவில் நனைந்துவிட்டது.

இது உலகம் முழுக்க இருக்கிற தலைவலி. 2017-ல் மரியா புயல் அடித்த, அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட போர்ட்டோ ரிக்கோ தீவில், தாத்தா பாட்டி வீட்டில் காலகாலமாக இருந்த குடும்பங்கள் பத்திரம் தங்கள் பெயரில் இல்லாததால் உதவி மறுக்கப்பட்டுத் திண்டாடின. அமெரிக்கப் பேரிடர் முகமை 2021 செப்டம்பரில் விதியைத் தளர்த்தி, வேறு ஆவணம் கிடைக்காதவர்களின் சொந்த உறுதிமொழியையும் ஏற்கத் தொடங்கியது. இங்கே நாம் கையெழுத்துக்கு பெங்களூர் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறோம்.

வாரிசுச் சான்று வேண்டியது பட்டா மாற்றவும் விற்கவும். சேதத் தொகைக்கு அப்பா பெயரிலுள்ள வீட்டு வரி ரசீது, அவருடைய இறப்புச் சான்று, அதே முகவரியில் உங்கள் ரேஷன் அட்டை, 'தொகையை இவர் பெறுவதில் ஆட்சேபனை இல்லை' என்று அண்ணனும் அக்காவும் எழுதிய கடிதம் ஆகியவற்றை வைத்து மனுவைக் கொடுத்துவிடுங்கள். வாரிசுச் சான்றுக்கு இ-சேவையில் தனியாக விண்ணப்பியுங்கள். அது வரும்வரை இதை நிறுத்தி வைக்காதீர்கள்.

நனைந்த பத்திரத்தை வெயிலில் போடாதீர்கள், இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிக்க அவசரப்பட்டால் முத்திரை மையெல்லாம் அடுத்த தாளோடு போய்விடும். இடையிடையே அச்சில்லாத வெள்ளைத் தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் பரப்பி வையுங்கள். படிக்க முடியாமல் போனாலும் கவலை இல்லை. பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். ஆவண எண் மறந்திருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், எண்ணும் வருஷமும் அதிலேயே இருக்கும்.